வயலின் குதிரைக்குப் பிக்கப்: பொருத்துவதிலிருந்து மேடையில் நம்பி வாசிப்பது வரை

உட்கார்ந்து வாசிக்கும் கர்நாடக வயலினின் குதிரையில் (கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) பொருத்துகிற பியசோ பிக்கப்பைப் (அதிர்வை மின்சைகையாக மாற்றும் சிறு கருவி) பற்றியது இந்த வழிகாட்டி. ஏற்கெனவே கச்சேரி வாசிப்பவர்களுக்கும், பசுமலை இசைக்கல்லூரியில் படித்து முடித்துப் பக்கவாத்தியத்துக்குக் கிளம்பியிருப்பவர்களுக்கும் உதவும்.

மதுரையைச் சுற்றியுள்ள திருவிழா மேடைகளில் புதிதாகப் பிக்கப் மாட்டி வருகிறவர்கள் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வரிசை தப்பிப் போகிறது. பிக்கப்பை முதலில் வாங்குகிறார்கள், முதல்முறையாக மேடையில்தான் மாட்டிப் பார்க்கிறார்கள், சத்தம் கீச்சென்று வந்ததும் மைக்செட்காரரைக் குறை சொல்கிறார்கள். வயலின், ப்ரீஆம்ப் (பிக்கப்பின் மெல்லிய சைகையை மிக்சருக்கு ஏற்றபடி ஆக்கும் பெட்டி), பிக்கப், வீட்டுச் சோதனை, அப்புறம் மேடை என்று போங்கள். கீழே உள்ள பகுதிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. முதலில் வயலினைச் சரிபாருங்கள்

பிக்கப் கேட்பது காற்றில் வரும் ஒலியை அல்ல; குதிரையின் அதிர்வை. குதிரை சரியாக நிற்காத வயலினில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிக்கப்பும் அந்தக் கோளாறைத்தான் பெரிதாக்கிக் காட்டும்.

வயலினைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். குதிரையின் டெயில்பீஸ் (கம்பிகளின் கீழ்முனையைப் பிடிக்கும் பாகம்) பக்க முகம் மேல்பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சுருதி சேர்க்கச் சேர்க்க, கம்பிகள் குதிரையின் தலையை விரல்பலகைப் பக்கம் இழுத்துக்கொண்டே போகும். பல வருடம் யாரும் கவனிக்காமல் விட்டதால் குதிரை முன்னால் சாய்ந்து, வளைந்தே போன வயலின்கள் நிறைய உண்டு. வளைந்துவிட்டால் புதுக் குதிரைதான் போட வேண்டும்.

அடுத்தது பாதங்கள். ஒரு துண்டு மெல்லிய காகிதத்தைப் பாதத்தின் ஓரத்தில் நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பாதம் பலகையோடு முழுதாகப் படியவில்லை என்று அர்த்தம். முழு அளவு வயலினில் மேல்பலகையின் மேல்விளிம்பிலிருந்து குதிரை வரை சுமார் 195 மி.மீ. இருக்கும். எஃப் துளைகளின் உள்பக்கம் இருக்கும் சிறு வெட்டுகளும் குதிரையின் இடத்தைக் காட்டும்.

கடைசியாக, பலகை ஓரங்களை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் சளசளவென்று வந்தால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. வயலினை ஒட்டும் மரபான பசை சூட்டில் இளகும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வயலினை விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது இந்த ஊரில் ஒட்டுப் பிரிவதற்கு நல்ல வழி. இந்த வேலைகளுக்கெல்லாம் வயலின் வேலை தெரிந்தவரிடமே போங்கள். 'எல்லா வாத்தியமும் பார்ப்பேன்' என்பவர் குதிரையின் பாதத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கித் தந்துவிடுவார். மேல்பலகையோ வளைவானது.

2. பிக்கப்புக்கு முன்னால் ப்ரீஆம்ப்

புதியவர்கள் அதிகம் தவறவிடுகிற இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பியசோ துண்டு அழுத்தத்தை மின்னழுத்தமாக மாற்றுகிறது. ஆனால் அது தரக்கூடிய மின்னோட்டம் மிகமிகக் குறைவு. அதை ஏற்கும் கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பு (வரும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) உயர்ந்ததாக இருக்க வேண்டும்: குறைந்தது 1 மெகா ஓம், 10 மெகா ஓம் என்றால் இன்னும் நல்லது. மிக்சரின் மைக் உள்ளீடு சில ஆயிரம் ஓம்தான். லைன் உள்ளீடு 10 ஆயிரம் ஓம் அளவில் இருக்கும். பிக்கப்பை நேராக அங்கே செருகினால் முதலில் காணாமல் போவது கீழ்ஸ்தாயி. மந்தர பஞ்சமத்தில் நிற்கிறீர்கள், ஒலிபெருக்கியிலோ கொசு ரீங்காரம்தான் கேட்கிறது. 'பிக்கப் மட்டம்' என்று தூக்கிப் போடப்பட்ட பல பிக்கப்புகளில் குறை எதுவும் கிடையாது. நடுவில் ப்ரீஆம்ப் இல்லை, அவ்வளவுதான்.

டி.ஐ. பாக்ஸ் (வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் பெட்டி) வைத்திருக்கிறோமே என்று மைக்செட்காரர் சொல்லலாம். அது பேசிவ் வகையா (மின்சாரம் தேவைப்படாதது), ஆக்டிவ் வகையா (மின்சாரத்தில் ஓடுவது) என்று கேளுங்கள். பேசிவ் வகை கீபோர்டுக்குச் சரி, பியசோவுக்கு அதன் மின்மறுப்பு போதாது. அதனால் சொந்தமாக ஒரு ப்ரீஆம்ப் வைத்துக்கொள்வதுதான் நல்லது. வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள்: 10 மெகா ஓம் உள்ளீடு, எக்ஸ்.எல்.ஆர். வெளியீடு (மைக் கேபிளில் வரும் மூன்று முள் இணைப்பு), ஃபேஸ் பொத்தான் (ஒலி அலையைத் தலைகீழாக்குவது), 9 வோல்ட் பேட்டரி வசதி. எல்.ஆர். பேக்ஸ் பாரா அகூஸ்டிக் டி.ஐ. இந்த நான்கும் உள்ள பழைய, நம்பகமான ஒன்று.

பேட்டரி ஏன்? சபா அரங்குகளில் மிக்சரிலிருந்து கேபிள் வழியாகவே 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபேன்டம் பவர், கிடைக்கும். மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமக் கோயில் மேடையில் மிக்சரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியாக இருக்கும். அதில் ஃபேன்டம் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. கையில் காசு குறைவாக இருந்தால் பிக்கப்பில் குறைத்துக்கொள்ளுங்கள், ப்ரீஆம்ப்பில் குறைக்காதீர்கள்.

3. எந்த வகைப் பிக்கப்

நடைமுறையில் மூன்று வகை.

குதிரையின் ஓரத்து வெட்டில் நாக்குப் போல நுழைவது. ஃபிஷ்மன் வி-200 இந்த வகை. கம்பியைத் தளர்த்தாமலே மாட்டலாம், கழற்றலாம். ஒரே வயலினைத் திருவிழாக் காலத்தில் பிக்கப்போடும் மற்ற நாட்களில் பிக்கப் இல்லாமலும் வாசிப்பவருக்கு ஏற்றது. முதல் பிக்கப்பாக இதைத்தான் சொல்வேன்.

பாதத்துக்கு அடியில் செருகும் தகடு. ரியலிஸ்ட் இந்த வகை. ஒலி கொஞ்சம் கனமாக, மரத்தின் குணத்தோடு வரும். ஆனால் மாட்ட, கம்பியைத் தளர்த்த வேண்டும். தகட்டின் கனத்தால் ஒரு பாதம் இம்மியளவு உயர்வதால் கம்பிகளின் உயரமும் மாறும்.

குதிரைக்குள்ளேயே பதித்து வருவது. மிகவும் நிலையானது. புதுக் குதிரையாகவே செதுக்கிப் பொருத்த வேண்டும் என்பதால் நல்ல கைவினைஞர் தேவை.

மேல்பலகையில் பசையால் ஒட்டும் மலிவான வட்டத் தகடுகளை இதில் சேர்க்கவில்லை. வெயில் காலத்து மாலை மேடையில் அந்தப் பசை இளகி, தகடு நழுவி, தனி ஆவர்த்தனம் முடிந்து எடுக்கும்போது ஒலியே மாறியிருக்கும். அதற்குப் பயந்து ஃபெவிக்விக் போடுபவர்களும் உண்டு. வார்னிஷோடு உரிந்து வரும், வேண்டவே வேண்டாம்.

4. மாட்டும் முன் மேசையில்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். இடது கை விரலில் தேங்காய் எண்ணெய் தடவி வாசிக்கும் பழக்கம் நமக்கு. அந்த எண்ணெய் நாக்கிலும் வெட்டிலும் பட்டால் பிடிப்பு வழுக்கும், நாளடைவில் பிக்கப் தானாக நழுவி வரும்.

வயலினை ஒரு மடித்த துண்டின் மேல் படுக்க வையுங்கள். டெயில்பீஸுக்கு அடியில் ஒரு கைக்குட்டையைச் செருகுங்கள். குதிரை தப்பித்தவறி விழுந்தால் ஃபைன் டியூனரின் (டெயில்பீஸில் உள்ள நுண்சுருதித் திருகு) முனை மேல்பலகையில் குத்தாமல் இருக்க இது. குதிரையின் பாதங்களைச் சுற்றி மென்மையான பென்சிலால் லேசாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வில்லில் தேய்க்கும் ரோசினின் தூளையும் உலர்ந்த தூரிகையால் துடைத்துவிடுங்கள். குதிரை வெட்டுக்குள் படிந்த தூள் பிசினாகி, நாக்கு மரத்தைத் தொட விடாது.

5. பொருத்துதல்

வெட்டில் நுழையும் வகை என்றால்:

தடித்த கம்பிப் பக்கத்து வெட்டில் மாட்டுங்கள். அந்தப் பக்கத்துப் பாதத்துக்கு நேர் கீழேதான் பேஸ் பார் (மேல்பலகையின் உள்பக்கம் ஒட்டிய நீளக் கட்டை) ஓடுகிறது. மெல்லிய கம்பிப் பக்கத்துப் பாதம் சவுண்ட் போஸ்டுக்கு (உள்ளே இரு பலகைகளுக்கும் நடுவே நிற்கும் சிறு மரத்தூண்) அருகில் இருப்பதால் அதன் அசைவு குறைவு. கீழ்ஸ்தாயி வேண்டுமென்றால் அசைவு இருக்கும் பக்கத்தில்தான் கேட்க வேண்டும்.

நாக்கை வெட்டின் வாயில் வைத்து, குதிரையின் மறுபக்கத்தை இன்னொரு கையின் கட்டைவிரலால் தாங்கிக்கொண்டு, மெதுவாகத் தள்ளுங்கள். லேசான எதிர்ப்போடு உள்ளே போய், விட்டால் அப்படியே நிற்க வேண்டும். இழுத்தால் வரவும் வேண்டும். அதுதான் சரியான இறுக்கம்.

தளர்வாக இருந்தால் மெல்லிய மரச் சீவலை வெட்டின் அளவுக்கு நறுக்கிக் கூடச் செருகுங்கள். மடித்த காகிதம் அவசரத்துக்கு ஆகும், ஆனால் வியர்வை ஈரத்தில் அமுங்கிவிடும். இறுக்கமாக இருந்தால் நாக்கைத் தேய்க்காதீர்கள். அதற்குள் பியசோ இருக்கிறது. குதிரையின் வெட்டைத்தான், 400 எண் உப்புத்தாளை ஒரு தகட்டில் சுற்றி, இரண்டு இழுப்பு இழுத்து மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். அதிகமாகத் தேய்த்தால் திரும்பி வராது. வலிந்து தள்ளினால் குதிரையின் இறக்கை நார் வாக்கில் 'டக்' என்று பிளந்துவிடும். புதியவர்கள் உடைக்கும் குதிரைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் உடைகின்றன.

பாதத்துக்கு அடியில் வைக்கும் வகை என்றால்:

நான்கு கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். சவுண்ட் போஸ்ட் ஒட்டப்பட்டதல்ல. கம்பிகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. அழுத்தம் முழுதும் போனால் உள்ளே விழுந்து உருளும், அதை நிறுத்தத் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். எனவே நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக, குதிரையை ஒரு பக்கம் சற்றுத் தூக்க முடிகிற அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். குதிரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தகட்டைச் செருகி, பென்சில் கோட்டுக்குள் பாதத்தை இறக்குங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியாக, மாற்றி மாற்றி ஏற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் குதிரை செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துத் திருத்துங்கள்.

6. ஜாக்கும் ஒயரும்

பிக்கப்பின் ஒயர் போய் முடிகிற, கேபிள் செருகும் துளைதான் ஜாக். மேற்கத்தியக் கலைஞர் நின்று வாசிப்பதை நினைத்துச் செய்யப்பட்டது இது. மோவாய்த்தாங்கி போலப் பக்கப்பலகையைக் கவ்விக்கொள்ளும். நமக்கு வயலினின் அந்த முனை நெஞ்சில் சாய்ந்திருக்கும், சுருள் வடிவத் தலை வலது கணுக்காலில் இருக்கும். ஆகவே ஜாக் சட்டையிலோ புடவைத் தலைப்பிலோ உரசும். ஒவ்வொரு உரசலும் ஒலிபெருக்கியில் 'சர்ர்' என்று வரும்.

ஜாக்கை இறுக்கும் முன் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, கச்சேரிக்குப் போடும் உடையிலேயே வாசித்துப் பார்த்து, துணி படாத இடத்தைக் கண்டுபிடியுங்கள். கவ்வும் இடத்தில் கார்க் அட்டை இருக்கட்டும். கைவிரலால் திருகும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

நாக்கிலிருந்து ஜாக்குக்கு வரும் மெல்லிய ஒயர் மேல்பலகையைத் தொடக் கூடாது. தொட்டால் சில ஸ்வரங்களில் மட்டும் 'கிர்ர்' என்று அதிரும், எங்கிருந்து வருகிறதென்று தேடியே மாலை போய்விடும். டெயில்பீஸின் அடியில் நூலால் ஒரு கட்டு போட்டுவிடுங்கள்.

ஜாக்கிலிருந்து ப்ரீஆம்ப்புக்குப் போகும் கேபிள் 3 மீட்டருக்குள் இருக்கட்டும், முனை எல் வடிவில் இருக்கட்டும். பியசோவுக்கு நீளமான கேபிள் போட்டால் ஒலியளவு குறையும், இரைச்சல் கூடும். நீளம் வேண்டுமென்றால் ப்ரீஆம்ப்புக்கு அப்புறம் எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். கேபிளை மடித்த இடது முழங்காலுக்கு அடியில் ஒரு சுருள் விட்டு எடுங்கள்; யாராவது தடுக்கினாலும் இழுப்பு வயலினுக்கு வராது.

7. எதையும் செருகாமல் ஒருமுறை வாசியுங்கள்

பிக்கப் மாட்டிய வயலினை முதலில் வெறுமனே கேளுங்கள். ஒலி மங்கியிருந்தால் நாக்கு அதிக இறுக்கமாக இருக்கிறது அல்லது பாதம் சரியாக உட்காரவில்லை. எங்காவது அதிர்வுச் சத்தம் வந்தால் ஒயர், ஜாக், ஃபைன் டியூனர் என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பிடித்துக் கண்டுபிடியுங்கள். இங்கே சரியில்லாதது ஒலிபெருக்கியில் சரியாகாது.

8. வீட்டில் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரில்

ப்ரீஆம்ப்பின் எல்லாத் திருகுகளையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். நான்கு கம்பிகளையும் ஒரே வில் அழுத்தத்தில், நீளமாக வாசியுங்கள். ஒரு கம்பி மட்டும் துள்ளிக்கொண்டு வந்தால் அதை ஈக்யூவில் (ஸ்தாயி வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள்) திருத்த முயலாதீர்கள். நாக்கை அரை மில்லிமீட்டர் வெளியே இழுத்தோ உள்ளே தள்ளியோ மறுபடி கேளுங்கள். நான்கும் ஏறக்குறைய சமமாகும் இடம் ஒன்று இருக்கும். கிடைத்ததும் நாக்கில் நுண்ணிய பேனாவால் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

அதன் பிறகுதான் ஈக்யூ. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அங்கே வயலின் இல்லை, மேடைப் பலகை அதிர்வும் மிருதங்கத் தொப்பியின் முழக்கமும்தான் இருக்கின்றன. 2,500 முதல் 3,500 ஹெர்ட்ஸ் வரை 3 அல்லது 4 டெசிபல் குறைத்தால் பியசோவுக்கே உரிய அந்தத் தகரத் தன்மை அடங்கும். மேல் முனையைக் கொஞ்சம் இறக்கினால் வில் உரசல் குறையும். கூட்டுவதைவிடக் குறைப்பதே இதில் எப்போதும் நல்ல பலன் தரும். கமகம் நிறைந்த ஒரு ராகத்தை, தோடியோ பைரவியோ, வாசித்துச் சோதியுங்கள். நின்ற ஸ்வரத்தில் நன்றாக இருக்கும் ஒலி, அசைவில் கத்திபோல் வெட்டலாம்.

திருப்தி வந்ததும் திருகுகளின் நிலையைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மேடையில் யாராவது கை வைத்துவிட்டால் திரும்ப அங்கே வரலாம்.

9. மேடையில் செய்யும் வரிசை

மைக்செட்காரரிடம் முதலில் பேசுங்கள். 'அண்ணே, வயலின் சேனலை மியூட்ல போடுங்க, நான் செருகிட்டுச் சொல்றேன்' என்றால் போதும். திறந்த சேனலில் பியசோவைச் செருகினால் 'டப்' என்று வெடிக்கும், முன்வரிசையில் இருப்பவர்கள் துள்ளுவார்கள். ஜெனரேட்டருக்கு மாறும்போதும் இதே மியூட் கை கொடுக்கும்.

செருகுங்கள், ப்ரீஆம்ப்பில் சுவிட்ச் இருந்தால் இயக்குங்கள், பிறகு மியூட்டை எடுக்கச் சொல்லுங்கள். கெயின் (உள்ளீட்டு ஒலியளவு) வைக்கும்போது ஸா-பா தட்டிக் காட்டாதீர்கள். மேல்ஸ்தாயியில் வேகமாக ஸ்வரம் வாசியுங்கள், நிரவலின் உச்சத்தில் எவ்வளவு அழுத்துவீர்களோ அவ்வளவு. அதில் சிவப்பு விளக்கு எரியாத இடம்தான் உங்கள் கெயின். சோதனையில் மென்மையாக வாசித்துவிட்டுக் கச்சேரியில் அழுத்துபவர்களுக்குத்தான் பாதியில் ஒலி பிளிறுகிறது.

முடிந்தால் வயலினுக்கு மைக்கும் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். மேடை மானிட்டருக்கு (வாசிப்பவர்களை நோக்கி வைக்கும் பெட்டி) பிக்கப், சபையின் பெட்டிகளுக்குப் பெரும்பகுதி மைக், கொஞ்சம் பிக்கப். மானிட்டர் உங்கள் முன்னாலேயே இருப்பதால் அங்கே ஊளை (ஒலிபெருக்கிச் சத்தம் திரும்ப உள்ளே போய்ச் சுழல்வது) கிளம்பாமல் தாங்குவது பிக்கப்தான். வயலினின் காற்றும் மரமும் மைக்கில்தான் வரும். கோயில் கல்மண்டபத்தில் இது இன்னும் முக்கியம். தூணும் தளமும் ஒலியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும், மைக்கை மட்டும் நம்பி மானிட்டரை ஏற்ற முடியாது. இரண்டையும் சேர்த்ததும் ஒலி உள்ளொடுங்கினால் ஃபேஸ் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

10. பாதியில் கோளாறு வந்தால்

ஊளை: முதலில் மானிட்டரில் உங்கள் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள், அப்புறம் ஃபேஸ் பொத்தான், அதற்கும் அடங்காவிட்டால், ப்ரீஆம்ப்பில் இருந்தால், நாட்ச் திருகு (ஊளையிடும் அந்த ஒரு சுருதியை மட்டும் வெட்டுவது). ஈக்யூவைக் கடைசியில் தொடுங்கள்.

'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்: ப்ரீஆம்ப் அடாப்டரில் ஓடினால் பேட்டரிக்கு மாற்றுங்கள். சீரியல் விளக்கு ஒயருக்குப் பக்கத்தில் கேபிள் போகிறதா என்று பாருங்கள். எர்த் முள்ளை உடைத்து இரைச்சலை நிறுத்துகிறேன் என்று யாராவது வந்தால் விடாதீர்கள். அது உயிர் விஷயம்.

ஒலி மெலிந்து கரகரப்பது: பேட்டரி. வேறெதையும் தேடுவதற்கு முன் இதை மாற்றுங்கள்.

சுருதி மாற்றிய பிறகு ஒலி குறைவது: இது நம் வாத்தியத்துக்கே உரிய சங்கடம். சுருதியை ஒன்றாம் கட்டையிலிருந்து இரண்டாம் கட்டைக்கு (கட்டை என்பது சுருதியின் உயரம்) ஏற்றினால் அதே கம்பியில் இழுவிசை ஏறக்குறைய கால் பங்கு கூடும். குதிரை முன்னால் சாயும், பாதத்தின் அழுத்தமும் மாறும். இன்று ஆண் பாடகருக்கு, நாளை பெண் பாடகருக்கு என்று வாசிப்பவர்கள் ஒவ்வொரு முறை கட்டை மாற்றிய பின்பும் குதிரையை நிமிர்த்தி, நாக்கின் குறி இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வயலின் வைத்திருந்தால், ஒரே பிக்கப்பை மாற்றி மாற்றிப் போடாமல் ஒன்றில் நிலையாக விட்டுவிடுவது மேல்.

11. பெட்டியில் இருக்க வேண்டியவை, பராமரிப்பு

புது 9 வோல்ட் பேட்டரி இரண்டு, கூடுதல் கேபிள் ஒன்று, எக்ஸ்.எல்.ஆரிலிருந்து கால் அங்குல ஜாக்குக்கு மாற்றும் கேபிள் ஒன்று (பழைய மிக்சர்-ஆம்ப்ளிஃபயர்களுக்கு இது இல்லாமல் முடியாது), நூல், மரச் சீவல் இரண்டு, ஒரு சாதாரண டைனமிக் மைக். பிக்கப் முழுதாகக் கைவிட்டாலும் அந்த மைக்கில் கச்சேரியை முடித்துவிடலாம்.

கச்சேரி முடிந்ததும் கேபிளை ப்ரீஆம்ப்பிலிருந்து உருவிவிடுங்கள். பெரும்பாலான ப்ரீஆம்ப்களில் ஜாக் செருகியிருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். தனியாக சுவிட்ச் கிடையாது. வயலின் ஜாக்கின் முனையை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். வியர்வை உப்பு படிந்தால் சில மாதங்களில் கரகரப்பு தொடங்கும். வெட்டில் நுழையும் வகையை அடிக்கடி கழற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் வெட்டு கொஞ்சம் அகலும். திருவிழாக் காலம் முழுக்க அப்படியே விட்டுவிட்டு, கம்பி மாற்றும் நாளில் மட்டும் எடுத்துத் தூள் துடைத்துப் போட்டால் போதும்.